ஒரு பல் மட்டும் கோணலாக

மாநாட்டுப் பையைத் திறந்ததும் மற்றவர்கள் நிகழ்ச்சி நிரலைத் தேடினார்கள். நானும் அண்ணியும் ஊர் வரைபடத்தைத் தேடினோம். எங்கே சாப்பிடுவது, எந்த மியூசியம் பார்ப்பது என்று அண்ணி ஒரு வாரமாக உட்கார்ந்து எழுதிய தாள் நான்காக மடிந்து அவர் கைப்பையில் தயாராக இருந்தது. வெளியூர் என்றால் அவருக்குக் கால் தரையில் பாவாது. எனக்கு மட்டும் பாவுமா என்ன? பத்தொன்பது வருஷமாக ஒரே ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்து ஊரார் வாய்க்கெல்லாம் பல் செய்கிறவள் நான். பக்கத்து மேஜையில் அண்ணிக்கு மெழுகில் ஈறு வடிக்கிற வேலை.

மூன்று மணிக்கு நான் பேச வேண்டும். பத்தே நிமிடம். முன்பற்களில் ஒன்றை மட்டும் இம்மியளவு திருப்பி வைப்பது என் பழக்கம். சோப்புக் கட்டிகளை அடுக்கியதுபோல நேராக வைத்தால் கட்டின பல் என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். இதைத்தான் படம் போட்டுச் சொல்ல நினைத்தேன். எங்கள் லேப் முதலாளி விடவில்லை.

"கோணப் பல்லக் காட்டி நம்ம மானத்த வாங்கப் போறியா? அந்தப் படத்தத் தூக்கிடு."

தூக்கிவிட்டேன். அழிக்க மட்டும் மனம் வரவில்லை. இத்தனைக்கும் அவர் வாயில் இருக்கிற மேல் முன்பற்கள் நான்கும் இரண்டு வருஷத்துக்கு முன் நான் செய்தவை. "என் பொண்டாட்டிக்கே வித்தியாசம் தெரியல" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் ஈ என்று காட்டுவார்.

மதியம் மாநாட்டுச் சாப்பாட்டுக்கு வரிசை அனுமார் வாலாக நீண்டது. அண்ணி என் கையைப் பிடித்து இழுத்தார். தாளின்படி பன்னிரண்டரைக்குச் சூப் கடை, ஒன்றே காலுக்குப் பெரிய மியூசியம்.

கடையில் ஆறே மேஜைகள். ஜன்னலெல்லாம் ஆவி. கடைக்கார அம்மா சிரித்துக்கொண்டே இரண்டு கிண்ணங்களை வைத்தார். நாங்கள் சூப்பைப் பார்க்கவில்லை, அவர் வாயைப் பார்த்தோம். அவர் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்.

"பல்லுல ஏதாவது ஒட்டியிருக்கா?"

"இல்லீங்க. இடது பக்கம் ரெண்டாவது கட்டின பல்லுதானே? நல்லா செஞ்சிருக்காங்க" என்றார் அண்ணி. நான் மேஜைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன். ஆனால் அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தார்.

"பல்லு மாநாட்டுக்கு வந்தவங்களா? அப்ப பெரிய மியூசியத்துல உங்களுக்கு என்ன இருக்கு? பின் தெருவுல மருத்துவ மியூசியம் இருக்கு. மூணாவது மாடி பூரா பல்லுதான்."

அண்ணி எழுதியதை அடித்து நான் பார்த்ததில்லை. அன்றைக்குப் பேனாவை எடுத்துப் பெரிய மியூசியத்தின் மேல் ஒரே கோடாகக் கிழித்தார். நாக்கு வெந்தாலும் பரவாயில்லை என்று சூப்பைக் குடித்துவிட்டு ஓடினோம்.

லிஃப்ட் வேலை செய்யவில்லை. மூன்று மாடியும் மூச்சு வாங்க ஏறியதும் முதல் கண்ணாடிப் பெட்டியிலேயே அது இருந்தது. இருநூறு வருஷத்துக்கு முன் எலும்பில் செதுக்கிய பல் செட். மேல் முன்பல் ஒன்று லேசாகத் திரும்பியிருந்தது. கீழே குறிப்பு: 'ஒரு பல் கோணலாக இருப்பது, செய்தவரின் கைப்பிழை.'

எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"பிழையாம்! அண்ணி, ஈறப் பாருங்க!"

கை தவறியிருந்தால் பல் மட்டும்தான் திரும்பியிருக்கும். இங்கே பல்லுக்கு மேலே செதுக்கிய ஈறும் அதோடு சேர்ந்து வளைந்திருந்தது. வேண்டுமென்றே செய்தவர்தான் அதற்கும் மெனக்கெடுவார்.

"உன்ன மாதிரியே ஒரு கிறுக்கு அப்பவும் இருந்திருக்கு" என்றார் அண்ணி. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அவ்வளவு சந்தோஷம். காவலர் வந்து முறைத்தார். படம் எடுக்கலாமா என்று கேட்டேன்.

"ஃப்ளாஷ் போடாம எடுங்க. சத்தமும் போடாம எடுங்க."

மூன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அரங்கத்துக்குள் விழுந்தடித்து நுழைந்தோம். தூக்கிய படத்தைத் திரும்பச் சேர்த்தேன். பக்கத்தில் மியூசியப் படத்தையும் சேர்த்தேன். முதல் வரிசையில் முதலாளி. வேலை போனால் போகட்டும் என்று ஆரம்பித்தேன்.

எலும்புப் பல்லையும் அதன் ஈறையும் காட்டியபோது பின் வரிசைக்காரர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். அடுத்து என் கோணப் பல் வந்தது. முதலாளி மைக்கைக் கேட்டு வாங்கினார்.

"பழசெல்லாம் சரிம்மா. இந்தக் காலத்துல காசு குடுத்துக் கோணப் பல்ல யாரு மாட்டிக்குவாங்க?"

அரங்கம் என்னைப் பார்த்தது.

"நீங்கதான் சார். ரெண்டு வருஷமா. உங்க ரூம்ல மாட்டியிருக்கிற கல்யாண போட்டோவுல உங்க சொந்தப் பல்லு அப்படித்தான் இருந்துச்சு. அதப் பாத்துதான் திருப்பி வெச்சேன்."

முதலாளியின் வாய் மூடிக்கொண்டது. உதட்டுக்கு உள்ளே நாக்கு ஒவ்வொரு பல்லாகத் தடவிக்கொண்டு போவது மேடையிலிருந்தே தெரிந்தது. ஓர் இடத்தில் நின்றது. யாரோ சிரித்தார்கள், பிறகு அரங்கமே சிரித்தது, கடைசியில் அவரும் நான்கு பல்லும் தெரியச் சிரித்துவிட்டார்.

கைதட்டல் ஓய்ந்து நான் இறங்கியபோது அவர் அண்ணியின் கைக்கண்ணாடியை வாங்கி வைத்துக்கொண்டு வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் மடித்து அண்ணியிடம் கொடுத்தார்.

"அந்த மியூசியம் எத்தன மணி வரைக்கும் இருக்கும்?"

அண்ணி தாளைப் பிரித்தார். அடித்த கோட்டுக்குப் பக்கத்தில், மருத்துவ மியூசிய வாசலில் பார்த்த நேரத்தையும் எழுதி வைத்திருந்தார். "அஞ்சு மணி வரைக்கும் சார். பக்கத்துலயே நல்ல சூப் கடையும் இருக்கு."