பதினேழு தீவிலும் ஒரே கிணறு

மகரவீரன் பதினேழு கிழமையில் பதினேழு தீவுகளுக்குப் போனான். சண்டிலிப்பாயில் புகையிலைத் தோட்டம் செய்கிற நான்தான் அவனைப் படக்கதையாகக் கீறி, வசனமும் எழுதி, வாரப் பத்திரிகைக்குக் கொடுத்தேன். ஒவ்வொரு கிழமையும் ஆறு கட்டம். முதற் கட்டத்தில் தீவில் இறங்குவான், நடு நான்கிலும் வாள் வீசுவான், ஆறாவதில் புறப்பட்டுவிடுவான். இதில் குறை சொல்ல ஏதும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அது தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு. தாள் தட்டுப்பாட்டால் பத்திரிகை பள்ளிக்கூடக் கொப்பித் தாளில், கோடுகளோடுதான் அச்சாகிக்கொண்டிருந்தது. ஆசிரியர் நமசிவாயம் ஒரு நாள் கூப்பிட்டுச் சொன்னார்: "கனகரத்தினம், எட்டுப் பக்கம் இனி நாலு. உங்கடை சித்திரத் தொடரும் பத்மாசினியின்ரை குடும்பக் கதையும் ரெண்டும் போடேலாது. இந்த மாதம் ஆருக்குக் கூடக் கடிதம் வருதோ, அவையின்ரை மட்டும் இருக்கும்."

ஐம்பத்தொரு வயதில்தான் சந்தையில் ஒருவர் என்னை மறித்து, "மகரவீரனுக்கு இனி என்ன நடக்கும்?" என்று கேட்டார். அதற்கு முன் என்னைக் கண்டவர்கள் கேட்டதெல்லாம் புகையிலைக் கன்று இருக்கிறதா என்றுதான். அந்தத் தொடர் போனால் மறுபடி கன்றுதான்.

இரண்டு கிழமைக்குள் எனக்கு ஒரே ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் கடற்கரையோரக் குருநகரில் இருக்கும் செபமாலை.

"ஓவியருக்கு, பதினேழு தீவிலும் ஒரே துலாக்கிணறு, ஒரே பனையோலை வேலி. கடற்கொள்ளைக்காரனின் கோட்டை வாசலில் கூரை வைத்த சங்கடப்படலை. பதினோராம் தீவில் வள்ளத்தை வேலிக் கதியால் தடியில் கட்டியிருக்கிறீர்கள். அது என்ன பசுமாடா?"

கொழுப்பைப் பார். வந்தது ஒன்று, அதுவும் ஏச்சு. நேரில் போய் நாலு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை என்று சைக்கிளை எடுத்தேன். வெளியே உருட்டும்போது எங்கள் வீட்டுச் சங்கடப்படலை கண்ணில் பட்டது. கோட்டை வாசலில் நான் கீறியது அதேதான். கோபம் இன்னும் கூடியது.

செபமாலைக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். வீட்டு வாசலில் கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின் மேல் குந்தியிருந்து, சைக்கிள் ரியூப்புக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். வள்ளத்துக்கு அடியில் கோழி அடைகாத்தது.

"கடிதம் எழுதினது நீரோ?" என்றேன்.

"ஓம் அண்ணை. இருங்கோ."

உள்ளே போய் ஒரு கொப்பியோடு வந்தார். பதினேழு கிழமையையும் வெட்டி, சோற்றுப் பசையால் ஒட்டி வைத்திருந்தார். ஓரமெல்லாம் பென்சில் எழுத்து. காற்று எங்கே, நீரோட்டம் எந்தப் பக்கம், இந்தத் தீவில் நல்ல தண்ணீர் எப்படி வந்தது.

"பிடிக்காட்டி ஏன் உதுகளை ஒட்டி வைச்சிருக்கிறீர்?"

"நான் கடலுக்குப் போய் மூண்டு வரியமாச்சு, அண்ணை. எதிரிலை மண்டைதீவிலை ஆமி, வள்ளத்தைக் கண்டால் சுடுவான். சரி, வெள்ளிக்கிழமை பேப்பரிலை எண்டாலும் போவம் எண்டு வெளிக்கிட்டால், நீங்கள் முதல் கட்டத்திலையே கரையிலை இறக்கி விடுறியள். இறங்கிப் பாத்தால் சண்டிலிப்பாய்."

கொப்பியைப் புரட்டினேன், தாளுக்குத் தாள் எங்கள் வீட்டு வேலிதான். வெட்கமாக இருந்தது.

"எனக்குக் கடல் தெரியாது, தம்பி. கீரிமலைக் கரையிலை குளிச்சதோடை சரி."

"தெரியாட்டி என்ன? மகரவீரனும் முதல் தரம்தானே போறான். அவனுக்கும் தெரியாதுதானே. பிறகேன் எல்லாத்தையும் பாத்து முடிச்சவன் மாதிரி இறங்குறான்?"

அந்தக் கிழமை மகரவீரன் எங்கேயும் இறங்கவில்லை. விரலை நனைத்துக் காற்றுப் பார்த்தான். கயிற்றில் கல்லைக் கட்டி விட்டான், அடி தட்டவில்லை. தண்ணீரின் நிறம் மாறியபோது பயந்தான். வாளைத் தொடவே இல்லை. நமசிவாயம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதிலை ஒண்டும் நடக்கேல்லையே," என்றார். ஆனாலும் போட்டார்.

மாதம் முடிய பத்மாசினிக்கு நாற்பத்தொரு கடிதம். எனக்கு இரண்டு. இரண்டாவதும் செபமாலையுடையதுதான், ஒரே வரி: "அடுத்த கிழமை எங்கே?"

தொடர் நின்றது. எனக்குத் தாங்கமுடியாத கவலை. இரண்டு நாள் தோட்டத்துப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் ஒரு கொப்பித் தாளில் ஆறு கட்டம் போட்டேன். மகரவீரன் இன்னும் கடலில்தான் இருந்தான். வெள்ளிக்கிழமை அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு குருநகருக்குப் போனேன்.

செபமாலை வாசல் வள்ளத்தில் இருந்தபடியே தாளை வாங்கி மடியில் விரித்தார். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார், ஆனால் எழுதவில்லை. முதற் கட்டத்திலேயே வெகுநேரம் நின்றார். உள்ளேயிருந்து மனைவி சாப்பிடக் கூப்பிட்டாள், பிறகு இன்னொரு தரமும் கூப்பிட்டாள்.

"பொறு," என்றார் தலை நிமிராமல். "நான் இன்னும் கரைக்கு வரேல்லை."

அவர் வரும்வரை நானும் அந்த வள்ளத்தில் ஒரு ஓரமாக இருந்தேன்.