அறுபத்தொன்றாம் நாள்

மூன்றாவது நாளும் டோனட் தட்டு தொடப்படாமலே கிடந்தது. நாங்கள் சோதிக்க வந்த கம்பெனி வைத்தது அது. அவர்களுடைய பச்சைத் தண்ணீரைக்கூட நாங்கள் குடிக்கக் கூடாது என்பது சட்டம். பதினோரு வருஷமாக என்னோடு ஊர் ஊராக அலைகிற வெர்னன் டிஸ்டேல், தட்டைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுத் தன் பிளாஸ்கைத் திறந்தார்.

"மார்செல்லா, நாம நரகத்துக்குப் போனாலும் அங்கயும் ஒரு தட்டு வச்சிருப்பான் பாரு, தொடாதேன்னு."

சிரிக்கக்கூடத் தெம்பில்லை எனக்கு. கொலம்பஸ் நகருக்கு வெளியே இருக்கும் இந்தக் கம்பெனி வங்கிகளுக்காக வீட்டுக்கடன் தவணைகளை வசூலிக்கிறது. தவணை தவறியவர்களின் வீட்டை ஏலத்தில் விடுவதற்கு முன், தவணையைக் குறைத்துக் காப்பாற்ற மெய்யாகவே முயன்றார்களா என்று அரசாங்கத்தின் சார்பில் பார்ப்பது எங்கள் வேலை. குலுக்கல் முறையில் முப்பது கோப்புகளை எடுப்போம். படிப்போம். வாடிக்கையாளரோடு இவர்கள் பேசிய போன் பதிவுகளைக் கேட்போம். பிறகு அறிக்கை எழுதுவோம். 2009-லிருந்து இப்படியே மூன்று வருஷம். வாசலில் வீட்டுச் சாமான் கிடக்கும் தெருக்கள் மட்டும் குறையவில்லை.

பதினேழாவது கோப்பு லானி ப்ரூவிட்டுடையது. டேட்டனில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். மனைவிக்கு டயாலிசிஸ் ஆரம்பித்ததும் மதிய நேர ஓட்டத்தைக் கைவிட்டிருக்கிறார், சம்பளம் பாதியாகியிருக்கிறது. கோப்பின் முகப்பில், 'ஒத்துழைக்கவில்லை, மூடப்பட்டது' என்றிருந்தது. ஏலம் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு. அன்று புதன்.

ஒத்துழைக்காத அந்த மனுஷர் தவணையைக் குறைக்கச் சொல்லி, வருமானத்துக்கு அத்தாட்சியாகச் சம்பளச் சீட்டுகளை ஐந்து முறை ஃபேக்ஸ் அனுப்பியிருந்தார். ஐந்திலும் 'காலாவதி' என்று முத்திரை குத்தியிருந்தார்கள். நான் வரும் தாள்களைச் சரிபார்க்கும் பிரிவின் பொறுப்பாளர் டோன்யா பர்க்கெட்டைக் கூப்பிட்டேன். வலிக்காக மணிக்கட்டில் பட்டை கட்டிய, முப்பது வயதுப் பெண்.

"வந்த தாளை எங்க ஆளு கையில எடுக்கவே ரெண்டு மாசம் ஆயிடுது மேடம். எட்டு பேர்தான் இருக்கோம். எடுக்கற அன்னிக்கு சீட்டு அறுபது நாள் தாண்டியிருந்தா செல்லாது."

"எந்த மடையன் சொன்னது?"

அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். போய் ஒரு தாளோடு திரும்பி வந்தாள். போன வருஷத்து எங்கள் அறிக்கை. நான்காவது பரிந்துரையில் மஞ்சள் கோடு போட்டிருந்தது.

"நீங்கதான் மேடம்."

அறுபது நாளுக்கு மேற்பட்ட சம்பளச் சீட்டை ஏற்கக் கூடாது என்ற என் வாக்கியம்தான். பழைய சீட்டுகளை வைத்துக்கொண்டு ஆட்களைத் தட்டிக்கழிக்கிறார்கள் என்றுதான் அதை எழுதினேன். சீக்கிரம் பாருங்கள் என்ற அர்த்தத்தில் எழுதினேன். சீட்டு வந்து சேர்ந்த நாளை வைத்து வயதைக் கணக்கிட வேண்டும் என்று மட்டும் எழுதாமல் விட்டேன். இவர்கள் பிரித்துப் பார்க்கிற நாளை வைத்துக் கணக்கிட்டார்கள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. காதெல்லாம் சுட்டது எனக்கு, வெட்கத்தில்.

"அந்த ஆளுக்கு மட்டும் போன் போட்டுடாத," என்றார் வெர்னன். "வாடிக்கையாளர்கிட்ட நாம பேசவே கூடாது. உன் வேலை போயிடும். ரிப்போர்ட்ல எழுது."

"ரிப்போர்ட் வர நாலு மாசம் ஆகும், வெர்னன். வெள்ளிக்கிழமை நாளன்னிக்கு."

அவர் பிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

கம்பெனியின் துணைத்தலைவர் ஹால்வர்சனின் அறைக்குப் போனேன். "அந்த வரி என் தப்பு. இந்த ஆளோட அஞ்சு சீட்டும் வந்த அன்னிக்கு செல்லுபடியானதுதான். ஏலத்தை நிறுத்துங்க," என்றேன்.

அவர் மரியாதையாகத்தான் பேசினார். "எழுத்துல குடுங்க மேடம். தப்பு உங்களோடதுன்னும் சேத்து எழுதிடுங்க."

நின்றபடியே எழுதினேன். கையெழுத்துப் போட்டு, தேதியை இரண்டு முறை சரிபார்த்தேன். அவர் வாங்கி மேஜைத் தட்டில் வைத்தார். "நாளைக்குள்ள பாக்கச் சொல்றேன்." அந்தத் தட்டில் ஏற்கெனவே ஒரு சாண் உயரத்துக்குத் தாள் இருந்தது.

திரும்பி வந்து, ப்ரூவிட்டின் கடைசிப் பதிவைக் கேட்க ஹெட்போனை மாட்டினேன்.

"கொஞ்சம் லைன்ல இருங்க சார்," என்றது ஒரு பெண் குரல்.

"இருக்கேம்மா. நான் எங்க போகப் போறேன்?"

காத்திருப்பவர்களுக்கான இசை தொடங்கியது. பிள்ளைகள் இறங்கிப்போன பேருந்தில் உட்கார்ந்திருந்தார் போல. வெளியே மழை, கண்ணாடித் துடைப்பான் கிறீச்சிட்டுப் போய்வரும் சத்தம். கொஞ்ச நேரம் கழித்து அவரும் அந்த இசையோடு சேர்ந்து முனகத் தொடங்கினார், சுதி தப்பி. இத்தனை தரம் கேட்டு அவருக்கு அது மனப்பாடம் ஆகியிருந்தது.

வெர்னன் கோட்டை மாட்டிக்கொண்டு விளக்கைக் காட்டி என்னவோ சொன்னார். பதிவு முடிய இன்னும் முப்பத்தெட்டு நிமிஷம் இருப்பதாகத் திரை காட்டியது. நான் ஹெட்போனைக் கழற்றவில்லை. இசை முடிந்து மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தது. அவரும் ஆரம்பித்தார்.