இருட்டில் வாசித்த கிடார்

அப்பாவின் ப்ளூஸ் ராக் இசைக்குழு கொடுத்த கடைசிக் கச்சேரியின் பதிவு ஊர் உலகமெல்லாம் விற்றது. அதில் பெயர் போனது கடைசிப் பாட்டின் கிடார் வாசிப்பு. அந்த இடத்தில் மேடை விளக்குகளை அணைத்துவிட்டு இருட்டில் வாசிப்பது குழுவின் வழக்கம். பதிவில் நடுவே அப்பா சட்டென்று நிறுத்துவார். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொள்ளும். பிறகு கிடார் அழுதுகொண்டே திரும்பி வரும். அந்தக் கச்சேரிக்குப் பின் அவர் மேடை ஏறவில்லை. "உச்சத்துல இறங்கிடணும்," என்பார்.

புதுப் பதிப்புக்கு ஒலியைச் சீர்செய்யும் வேலை, ஒலிப்பதிவாளரான மகளுக்கே வந்தது. அப்பா பின்னால் சோபாவில் ராஜா மாதிரி சாய்ந்திருந்தார். ஒவ்வொரு வாத்தியமும் தனித் தடத்தில் பதிவாகியிருந்தது அவருக்குத் தெரியாது. அவள் மற்றத் தடங்களை அடைத்துவிட்டு அப்பாவின் கிடாரை மட்டும் ஓடவிட்டாள். வாசிப்பு நின்றது. நின்றது நின்றதுதான்.

"டேப் போச்சுப்பா! உங்க கிடார் அழிஞ்சுபோச்சு!"

பதறியபடி தடம் தடமாகத் திறந்தாள். குழுவில் துணைக் கிடார் வாசித்த சித்தப்பாவின் தடத்தில் அந்த அழுகை முழுதாக இருந்தது. "உங்க சித்தப்பன் கிடாரத் துடைக்கத்தான் லாயக்கு" என்று அப்பா சொல்லிச் சிரிக்கும் அதே சித்தப்பா.

பாடும் மைக்கின் தடத்தைத் திறந்தாள். இரைச்சலுக்கு அடியில் அப்பாவின் இளவயதுக் குரல்: "தம்பி, விரல் மடங்க மாட்டேங்குதுடா. நீ புடி... புடிடா!"

திரும்பினாள். அப்பா இடது கையை வலது கையால் மூடிக்கொண்டிருந்தார்.

"அத மூடிடு பாப்பா."

"அட்டையில யார் பேரப்பா போடறது?"

அவள் சித்தப்பாவைப் போனில் பிடித்து, ஸ்பீக்கரில் போட்டு, நேராகக் கேட்டாள். ஒரு நொடிகூட யோசிக்காமல் அவர் சிரித்தார்.

"எவன்மா சொன்னான்? உங்கப்பன் மாதிரி வாசிக்க நான் இன்னொரு தடவ பொறக்கணும். ஒயர மாத்திச் சொருகியிருப்பானுங்க."

எத்தனை வருஷம் பழகியிருந்தால் பொய் இப்படி வழுக்கிக்கொண்டு வரும்! அவள் ஆடிப்போனாள், அப்பா அவளைவிட. எழுந்து வந்து போனைப் பிடுங்கினார்.

"டேய், போதும்டா. கேட்டுட்டா."

மறுமுனையில் தொண்டையைக் கனைக்கும் சத்தம். "என்னண்ணே இப்ப... வயசான காலத்துல?"

"கெளம்பி வா. உன் பேரு போடாம இது வெளிய போகாது."

"எனக்கு எதுக்குண்ணே அதெல்லாம்..."

"வாடான்னா!" என்று அதட்டிய அப்பா, போனை வைக்கக்கூடத் தோன்றாமல் கையில் பிடித்தபடியே நின்றார்.