புகார்ப் பிரிவுக்காரனின் மன்னிப்பு

வாடிக்கையாளர் புகார்ப் பிரிவில் உட்கார்ந்து, ஒரு நாளைக்கு அறுபது பேரிடம் போனில் மன்னிப்புக் கேட்பவன் நான். டிரைவிங் டெஸ்டில் என் மனைவி மூன்று தடவை கோட்டை விட்டதை அக்கா வீட்டு விருந்தில் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தேன். அதன்பிறகு நான்கு நாள் அவள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஐந்தாம் நாள் காலை, துணி மடித்துக்கொண்டிருந்தவள் பக்கத்தில் போய் நின்றேன். பழக்க தோஷம், வாய் தானாக ஓடியது.

"தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு மனமார வருந்துகிறோம்."

"சரிங்க சார், என் புகார் நம்பர் என்ன?" என்றாள். "உங்க தப்புன்னு அன்னைக்குச் சிரிச்சவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க."

வேறு வழியில்லாமல் அக்காவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"அக்கா, அன்னைக்கு இவளைக் கிண்டல் பண்ணது என் தப்பு. நானே அஞ்சாவது தடவைதான் பாஸ் பண்ணேன்."

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். மனைவி போன் அருகே குனிந்தாள்.

"அஞ்சு இல்ல அண்ணி, ஆறு. பெயிலான சீட்டெல்லாம் பீரோவுல பாத்துட்டேன். போனை வச்சிடாதீங்க, இவர் முதல்லேருந்து சொல்வார்."

சொன்னேன், ஆறு என்றே. இந்தத் தடவை அவளும் சிரித்தாள்.