மூன்று பூனைக்கு நான்கு தட்டு

"சார், விளக்கெண்ணெய் கொடுத்துடாதீங்க. முதல்ல நான் கேக்குறதுக்குப் பதில் சொல்லுங்க. கடுவன் பூனைதானே?"

ஏழாம் நாற்காலிக்காரி கால்மேல் கால் போட்டு இறுக்கிக்கொண்டு, ஹெட்செட்டின் மைக்கை உதட்டருகே இழுத்தாள். பூனைத் தீனி விற்கும் கம்பெனி நடத்துகிற இலவச ஆலோசனை எண் அது. ஜன்னல் இல்லாத நீள அறையில் பன்னிரண்டு நாற்காலிகள், பன்னிரண்டு பெண்கள். பூனை வாந்தி எடுத்தால் என்ன செய்வது, காதைச் சொறிந்தால் என்ன, ஈறு வீங்கினால் என்ன என்று டாக்டர்கள் எழுதிக்கொடுத்த அட்டைகள் ஒவ்வொருத்தி முன்னாலும் வளையத்தில் கோத்துத் தொங்கின. நாலு வருடமாகச் சொல்லிச் சொல்லி அவளுக்கு எல்லாம் மனப்பாடம்.

மறுமுனையில் பேசியவர் ஓய்வுபெற்ற வாத்தியார். பிறர் சொல்லிக் கேட்டுப் பழக்கமில்லாத குரல். "கடுவன்தாம்மா. நேத்து சாயங்காலத்துலருந்து மணல் தட்டுல போய்ப் போய் உக்காந்து முக்குது. மலச்சிக்கல்தான். நான் எத்தனை பூனை பாத்தவன்."

"தட்டுல மணல் நனைஞ்சிருக்கா சார்?"

அவர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "காஞ்சுதான் இருக்கு."

அது சிவப்பு ஓரம் போட்ட அவசர அட்டை. இந்தத் தப்பைப் பாதிப் பேர் செய்வார்கள். பூனை முக்குவதைப் பார்த்து மலம் என்று நினைத்து எண்ணெய் ஊற்றுவார்கள், அடைத்திருப்பதோ மூத்திரம். ஒரு நாள் தாண்டினால் பூனை இருக்காது.

அடக்கினால் என்ன ஆகும் என்று அவளுக்கு அட்டை சொல்லித்தர வேண்டியதில்லை. தாழ்வாரக் கோடியில் பெண்களுக்கு ஒரே கழிவறை. அதற்கு ஒரே சாவி. சாவி, மேற்பார்வையாளனின் கழுத்தில் அடையாள அட்டையோடு தொங்கும். ஆளுக்கு ஒரு ஷிப்டில் இரண்டு முறை, குறித்துக் கொடுத்த நேரத்தில். நேரம் தவறினால் முறையும் போச்சு. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்று பெண்கள் அவனுக்குப் பூசாரி என்றே பேர் வைத்திருந்தார்கள். தண்ணீர் குடித்தால்தானே வம்பு என்று காலையிலிருந்து ஒருத்தியும் பாட்டிலைத் திறக்க மாட்டாள். 'பூனை நிறையத் தண்ணீர் குடிக்க வீட்டில் மூன்று இடத்தில் கிண்ணம் வையுங்கள்' என்று மட்டும் நாள் முழுக்க ஊருக்கு உபதேசம்.

மூன்று மாதத்தில் இது அவளுக்கு மூன்றாவது நீர்க்கடுப்புக் காய்ச்சல். இனி அடக்கினால் சிறுநீரகம் போய்விடும் என்று டாக்டரம்மா திட்டியே அனுப்பியிருந்தாள். தொடர்ந்து மூன்று நாள் லீவு போட்டால் நாற்காலியில் இன்னொருத்தி உட்கார்ந்திருப்பாள். வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகளுக்கு அவள் ஒருத்திதான்.

பன்னிரண்டரை அவளுடைய முறை. மணி அதை நெருங்கியது. ஒரு அழைப்புக்கு நாலு நிமிடம்தான் கணக்கு; அது தாண்டியதும் கணினித் திரையும் சிவந்தது. 'டாக்டரிடம் காட்டுங்கள், நன்றி' என்று சொல்லி வைத்துவிட்டு எழுந்து போகலாம். வைத்தால் வாத்தியார் எண்ணெய்க் குப்பியை எடுப்பார்.

"சார், என்னை உங்க பொண்ணா நினைச்சுக் கேளுங்க. மூத்திரம் அடைச்சா அந்த விஷம் ரத்தத்துல ஏறிடும். சாயங்காலம் வரைக்கும் தாங்காது. வயித்த அமுக்காதீங்க, எதையும் புகட்டாதீங்க. இப்பவே கூடையில போட்டுத் தூக்கிட்டுப் போங்க."

அவர் வாதாடினார். இவள் பல்லைக் கடித்துக்கொண்டு விடாமல் பேசினாள். பதினோராவது நிமிடத்தில் கூடை தேடும் சத்தம் கேட்டது.

பூசாரி கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினான். "உங்க முறை பன்னண்டரை. இப்ப பன்னண்டு நாப்பது. ஒரு பூனைக்குப் பதினோரு நிமிஷமா? இனிமே மூணரைக்குத்தான்."

"காய்ச்சல் அடிக்குது தம்பி. அடக்கக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லிருக்காங்க."

"சீட்டு இருந்தா கொடுங்க, மேல அனுப்புறேன். உங்களுக்கு விட்டா பன்னண்டு பேரும் கேப்பாங்க."

"பன்னண்டு பேருக்கும் வருமே தம்பி. உனக்கு வர்றதில்லையா?"

நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புக்குத்தான் தண்டனை. அவன் சாவியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டான்.

இரண்டு மணி சுமாருக்கு, ஒரு அம்மாவிடம் பூனையின் காதுப் பூச்சியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது அவள் உடம்பு அவள் சொல்லைக் கேட்கவில்லை. நாற்காலித் துணி சூடாக நனைந்தது. "காதுக்குள்ள குச்சி விடாதீங்கம்மா. டாக்டர் குடுக்குற சொட்டு மருந்தைப் போடுங்க" என்று குரல் மாறாமல் சொல்லி முடித்து, நன்றியும் சொன்னாள். பிறகு எழுந்திருக்கவில்லை.

பக்கத்து நாற்காலி ஒல்லிப் பெண்தான் முதலில் பார்த்தாள். தன் துப்பட்டாவை எடுத்து அவள் மடியில் போட்டாள். "அக்கா, நான் இருக்கேன்க்கா. அப்படியே இருங்க."

அழுகை வரும் என்று ஒல்லி நினைத்திருப்பாள். வரவில்லை. பிள்ளை பெற்று வளர்த்து, நாற்பது வயதில், ஒரு பொடியன் முன்னால் இப்படி உட்கார வைத்துவிட்டார்களே என்று காது வரைக்கும் ஆத்திரம்தான் ஏறியது.

பூசாரி வந்தான். மூக்கைச் சுளித்தான். கழுத்திலிருந்து சாவியைக் கழற்றி அவளிடம் நீட்டினான்.

"உள்ள பக்கெட் இருக்கு. நாற்காலியைக் கழுவிடுங்க."

அடுத்த நாள் காய்ச்சலோடு வந்தாள். அறை வாசலிலேயே நின்றுவிட்டாள். பன்னிரண்டு நாற்காலிகளுக்கும் கெட்டி பிளாஸ்டிக் உறை மாட்டி, பின்பக்கம் முடிச்சுப் போட்டிருந்தது.

"மேல பேசி உடனே ஏற்பாடு பண்ணிட்டேன்" என்றான் பூசாரி, பெருமையாக. "அப்புறம், அந்த வாத்தியார் போன் பண்ணார். டியூப் போட்டு எடுத்தாங்களாம், பூனை பிழைச்சிடுச்சாம். உங்களுக்கு நன்றி சொன்னார்."

அவள் போய் உட்கார்ந்தாள். உறை சலசலத்தது. முதல் அழைப்பு, ஒரு வீட்டுக்காரம்மா.

"மூணு பூனை வளக்குறோம். ஒன்னு மட்டும் சோபா மேலயே போயிடுது. அடிச்சும் பாத்துட்டேன், பிளாஸ்டிக் விரிச்சும் பாத்துட்டேன். திமிருங்க அதுக்கு."

"மணல் தட்டு எத்தனை வச்சிருக்கீங்கம்மா?"

"ஒன்னுதான்."

அவள் எழுந்து நின்றாள். பூசாரியைப் பார்த்துக்கொண்டே, அறைக் கோடி வரைக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"பூனை மேல தப்பே இல்லம்மா. மூணு பூனைக்கு நாலு தட்டு வைக்கணும். ஒன்னே ஒன்னு வச்சவங்க மேலதான் தப்பு. வாயில்லா ஜீவன் எங்கம்மா போகும்? அடிக்கிறதும் பிளாஸ்டிக் போடுறதும் வைத்தியமே இல்ல."

மற்ற பதினோரு பேரும் பேச்சை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார்கள். பூசாரியின் கை கழுத்துச் சாவியைப் போய்ப் பிடித்துக்கொண்டது.