ஊதிவிட்டால் எரியாது

“மூக்குல சளி இல்ல, கண்ணுல பீளை இல்ல. கல்லைத் தின்னாலும் செரிக்கும். அவளைப் போய் நோயாளிங்கிறியே?”

“நோயாளின்னு நான் சொல்லவே இல்ல, மாமா. நோய் உண்டாக்குற கிருமி அவ மூக்குல குடியிருக்கு. அவளை அது ஒண்ணும் பண்ணாது.”

“வாடகையாவது குடுக்குதா?”

அக்காவின் கணவர் பதினொரு ஒட்டகங்களை வைத்துப் பால் விற்கிறார். கால்நடை ஆய்வுக்கூடத்தில் நான் சேர்ந்த நாள் முதல் அவருக்கு நான் டாக்டரம்மா. உண்மையில் நான் மூக்கில் பஞ்சுக்குச்சி விட்டு மாதிரி எடுப்பவள். நோயில்லாத ஒட்டகங்களிடம் என்ன கிருமி இருக்கிறது என்று பார்க்கும் வேலை. போன வாரம் அவருடைய பதினொன்றிடமும் எடுத்தேன். அவர் ‘பெரிய மனுஷி’ என்று கூப்பிடும் மூத்த ஒட்டகம் என் சட்டையில் துப்பியது. இன்று முடிவு கேட்க ஆய்வுக்கூடத்துக்கே வந்திருந்தார்.

அவள் மூக்கிலிருந்து எடுத்த கிருமியை வளர்த்த கண்ணாடித் தட்டை, மூடியைத் திறக்காமல், வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். கிருமி பனிப்படலம் போலப் பரவியிருந்தது. அதன்மேல் ஆறு வெள்ளைப் பொட்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரு மருந்து. மருந்துக்குக் கிருமி பயந்தால், நிலா கோட்டை கட்டியது மாதிரி பொட்டைச் சுற்றித் தெளிவான வட்டம் விழும். இரண்டில் விழுந்திருந்தது. நான்கில் இல்லை.

“மருந்து ஏதாவது குடுப்பீங்களா, மாமா?”

“ஒண்ணு இருமினா தொட்டித் தண்ணியில மாத்திரையைக் கரைச்சிடுவேன். எல்லாரும் குடிப்பாங்க. பந்தியில ஓரவஞ்சனை கூடாதில்ல?”

“எத்தனை நாள்?”

“இருமல் நிக்கிற வரைக்கும். மிச்சம் அடுத்த இருமலுக்கு.”

சிரித்துக்கொண்டே அறிக்கைத் தாளை வாங்கி, மருந்துப் பெயர்களின்மேல் விரலை ஓட்டினார். மூன்றாவது பெயரில் விரல் நின்றது. சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். அக்காவுக்கு வாங்கியது. சர்க்கரையால் அவள் காலில் ஒன்றரை மாதமாக ஆறாத புண். திங்கட்கிழமைக்குள் ஆறத் தொடங்காவிட்டால் பெருவிரலை எடுக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

இரண்டும் ஒரே பெயர். வட்டம் விழாத நான்கு பொட்டுகளில் ஒன்று.

“உங்கக்கா கால்ல இருக்கிறது வேற கிருமியா இருக்கலாம் இல்ல?”

“இருக்கலாம். புண்ணுல இருந்து எடுத்துப் பார்த்தாத்தான் தெரியும். இன்னிக்கே ஆஸ்பத்திரியில கேளுங்க, இந்தத் தாளையும் காட்டுங்க. கட்டு யாரு மாத்துறது?”

“நான்தான். காலையில பால் கறந்துட்டு வந்ததும். கை கழுவாம தொடமாட்டேன், சோப்புப் போட்டு.”

“அப்ப சரி.”

அவர் கை தன் மூக்குக்குப் போனது. காலையில் அவர் தொழுவத்தில் என்ன செய்வார் என்று எனக்கும் தெரியும். ஒவ்வொரு ஒட்டகத்தின் முன்னாலும் நின்று மூக்கோடு மூக்கு வைப்பார். அது ஊதும், இவரும் ஊதுவார். அப்படி நலம் விசாரிக்காவிட்டால் பெரிய மனுஷி பால் சுரக்க மாட்டாள்.

“மருந்து பட்டா எரியுதுன்னு உங்கக்கா காலை இழுத்துக்குவா,” என்றார் மெதுவாக. “குனிஞ்சு ஊதிவிடுவேன். ஒவ்வொரு நாளும்.”

நான் தட்டை மேசைமேல் வைத்தேன். கதவில், எங்கள் மேலதிகாரி ஒட்டிய தாள்: விலங்குகளின் மாதிரி மட்டுமே பெறப்படும்.

அவரும் அதைப் படித்தார். பிறகு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பிரிக்காத பஞ்சுக்குச்சி உறை ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார்.

“என் மூக்குலயும் ஒண்ணு எடும்மா. உங்கக்காவுக்குத் தெரிய வேண்டாம்.”