லோர்னாவின் சோளம் குறித்த விசாரணை

நிலவில் மனிதன் கால் வைத்ததற்கு அடுத்தபடியாக வரலாறு குறித்துவைக்க வேண்டிய சம்பவம், சென்ற வியாழக்கிழமை காலையில் நடந்தது. செனகா ஏரிக்கரையில் உள்ள எங்கள் ஊர் உழவர் சந்தையின் விசாரணைக் குழு லோர்னாவின் மக்காச்சோளக் கொல்லையில் காலடி வைத்தது. குழுவில் மூன்று பேர். தலைவர் வாரன், சொந்தத் திராட்சையில் ஒயின் செய்து விற்பவர். தேன் விற்கும் ஐலீன். பூண்டு விற்கும் நான்.

எங்கள் சந்தைக்கு ஒரே சட்டம்தான். தன் மண்ணில் விளைந்ததைத் தவிர வேறெதையும் விற்கக் கூடாது. வாங்கி விற்றால் ஆயுளுக்கும் வெளியே. அதற்கு முந்தைய சனிக்கிழமை, மற்றவர்களின் சோளம் இடுப்பளவுகூட வளராதபோது, லோர்னா வண்டி நிறையக் கதிர் கொண்டுவந்து இறக்கினாள். காப்பி ஆறுவதற்குள் விற்றுத் தீர்ந்தது. தெற்கே எங்கோ மொத்தச் சந்தையில் வாங்கிய சரக்கு என்று வாரன் புகார் எழுதினார். தலைவர் என்ற முறையில் அதைத் தானே பெற்றுக்கொண்டார். லோர்னாவின் மூலைக் கடைக்கு அடுத்ததுதான் அவருடைய ஒயின் மேசை என்பது தற்செயல். அந்த மூலை போனால் லோர்னா பண்ணையையும் விற்றுவிட வேண்டியதுதான். அது எங்கள் மூவருக்கும் தெரியும்.

காரில் வாரன் மண்ணின் மகிமையை விளக்கிக்கொண்டே வந்தார். அவருடைய வெள்ளை ஒயினில் ஏரியடிப் பாறையின் நினைவு இருக்கிறதாம்.

"நான் குடிச்சப்போ பல்லு கூசுச்சு. அதுதான் பாறை போல" என்றாள் ஐலீன்.

லோர்னா வாசலிலேயே நின்றிருந்தாள். வாங்க என்றுகூடச் சொல்லவில்லை.

"வேலியில கரண்டை நிறுத்திட்டியா?" என்றார் வாரன். போன வருஷம் வேறொரு பண்ணையில் மின்வேலியைத் தொட்டு அவர் துள்ளியதைச் சந்தை இன்றும் நடித்துக் காட்டுகிறது.

"நேத்து சாயங்காலமே நிறுத்திட்டேன். 'காலையில மறந்துடுவ, இப்பவே போய் நிறுத்து'ன்னு போன்ல நீங்கதானே கத்துனீங்க."

கொட்டகையைச் சுற்றிக்கொண்டு போனோம். முன்னால் நடந்த லோர்னா சட்டென்று நின்றாள்.

கொல்லை முழுவதும் படுத்துக் கிடந்தது. தட்டைகள் முறிந்து, மட்டை உரிந்து, கதிர்கள் சேற்றில் சிதறிக் கிடந்தன. லோர்னா கையுறையைக் கழற்றினாள், மாட்டினாள், மறுபடியும் கழற்றினாள்.

வாரன் என் காதருகே குனிந்தார். "பாத்தியா? குட்டு வெளிப்படும்னு அவளே டிராக்டர் விட்டு சாய்ச்சுட்டா."

"டிராக்டருக்குப் பல்லு உண்டா, வாரன்?" ஐலீனுக்குக் காது கூர்மை.

நான் ஒரு கதிரை எடுத்தேன். பாதி கடிபட்டிருந்தது. மீதியிருந்த மணியில் நகத்தை வைத்ததும் பால் தெறித்தது. ஈர மண்ணில் குழந்தைக் கை போன்ற தடங்கள். கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டை கட்டிய இரவுத் திருடர்கள், ரக்கூன் என்ற காட்டு விலங்குகள். பிஞ்சாக இருக்கும்வரை எட்டிக்கூடப் பார்க்காது. கதிர் பால் பிடித்ததும் குடும்பத்தோடு வரும். சீக்கிரம் முளைக்கவென்று அவள் மூடிவைத்த பிளாஸ்டிக் விரிப்பு ஓரமாகச் சுருட்டிக் கிடந்தது.

"சாட்சிங்க ராத்திரியே வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருக்காங்க, தலைவரே" என்றாள் ஐலீன்.

வாரன் கதிரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, தொப்பியைக் கழற்றினார். லோர்னா விற்றது அவள் மண்ணில் விளைந்ததே என்று குழு ஒருமனதாக முடிவு செய்வதாகவும், மூலைக் கடையில் அவள் தொடர்ந்து சோளம் விற்கலாம் என்றும் அறிவித்துக் கையை நீட்டினார்.

லோர்னா அந்தக் கையைப் பார்த்தாள்.

"வேலியில கரண்டை இப்ப போட்டுக்கலாமா, தலைவரே?"

பதிலுக்குக் காத்திராமல் கொல்லைக்குள் இறங்கினாள். விழுந்த தட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி அடியில் பார்த்துக்கொண்டே கடைசி வரிசை வரை போய்த் திரும்பினாள்.

சனிக்கிழமை விற்க அவளிடம் ஒரு கதிர்கூட இல்லை.